பிளாஸ்டிக்கின் மேற்றோலும் பிளாஸ்மாவும்

பொலித்தீன்மீது மை இயல்பாக ஒட்டாது. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிப் புடவைக்கடைப் பை ஒன்றில் கடையின் பெயர் கையில் பிரளாமல், கசக்கினாலும் உரியாமல் நிற்கிறதென்றால், அந்தப் பொலித்தீன் அச்சு இயந்திரத்துக்குப் போகுமுன்பே ஒரு மின்னிறக்கத்தின் அடியால் ஓடி வந்திருக்கிறது. மங்கலான ஊதா நிறத்தில் ஒளிரும் அந்த மின்னிறக்கம் பிளாஸ்மாவின் ஒரு வகை. ஓடும் படலத்தின் எந்த ஓர் இடமும் அதற்கடியில் இருப்பது ஒரு செக்கனிலும் குறைந்த நேரமே. வெளியே வரும் படலம் முன்பிருந்த அதே தடிப்பு, அதே பாரம், அதே நிறம், அதே இழுவை உறுதியுடன்தான் இருக்கும். கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் அதன் மேற்பரப்பில் ஏறக்குறைய 10 நனோமீற்றர் ஆழத்துக்கு வேதியியல் மாறியிருக்கும். மை ஒட்டுமா, பசை பிடிக்குமா, தண்ணீர் பரவுமா என்பதை முடிவு செய்வது அந்த 10 நனோமீற்றர்தான்.

அது எவ்வளவு மெல்லியது என்பதற்கு இலங்கைச் சட்டத்திலேயே ஓர் அளவுகோல் உண்டு. 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீன் 2007 ஜனவரி 1 முதல் இங்கே தடை செய்யப்பட்டது. கையில் எடுத்தால் சரசரக்கும் மெல்லிய பையின் தடிப்பு அது. 20 மைக்ரோன் என்பது 20,000 நனோமீற்றர். பிளாஸ்மா மாற்றிவிடும் தோல் அதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு.

கொழும்பின் கொட்டாஞ்சேனை அச்சகங்களுக்குப் பழகிய பொருள் காகிதம். காகிதத்தில் மை ஒட்டுவதற்கு யாரும் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. காகிதம் நார்களால் ஆனது. மை இடுக்குகளுக்குள் ஊறிவிடும். நாரின் செலுலோசு மூலக்கூறுகளில் ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த ஐதரொட்சைல் கூட்டங்கள் நெருக்கமாக இருப்பதால் மையின் பிசினைப் பற்றிப் பிடிக்கவும் முடியும். பொலித்தீனுக்கு இந்த இரண்டு வசதியும் இல்லை. அதில் துளைகள் இல்லை. அதன் மூலக்கூறு காபன் அணுக்கள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி. ஒவ்வொரு காபனிலும் இரண்டு ஐதரசன்கள். மின்னேற்றம் ஒரு பக்கம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் இருக்கும் முனைவுள்ள இடம் எதுவும் அந்தச் சங்கிலியில் இல்லை. வேறொரு பொருளை ஈர்க்க அதற்கு இருப்பது மூலக்கூறுகளுக்கிடையிலான மிகப் பலவீனமான பொதுக் கவர்ச்சி மட்டுமே.

இந்தப் பற்றும் ஆற்றலைப் பரப்புச் சக்தி என்று அளக்கிறார்கள். ஆய்வுகூடத்தில் அதன் அலகு மீற்றருக்கு மில்லிநியூற்றன். அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் அதே எண்ணை ‘டைன்’ என்று சொல்வார்கள். பொலித்தீனுக்கு அது ஏறக்குறைய 31. யோகட் கப்புக்கும் வாகன பம்பருக்கும் பயன்படும் பொலிபுரொப்பிலீனுக்கு 30. தோசைக்கல்லில் பூசப்படும் டெஃப்லோனுக்கு 20 ஐவிடக் குறைவு. தண்ணீர்ப் போத்தல் செய்யும் பெட் பிளாஸ்டிக்குக்கு 43 அளவில் இருப்பதால் அதில் ஒட்டுவது அவ்வளவு கடினமல்ல. இவற்றுக்கு எதிரே தண்ணீரின் பரப்பிழுவை 72. திரவத்தின் எண் திண்மத்தின் எண்ணைவிட மிகக் கூடுதலாக இருந்தால் திரவம் பரவாது. தன்னைத் தானே சுருட்டித் துளியாக நிற்கும்.

துளி மேற்பரப்பைத் தொடும் ஓரத்தில் உண்டாகும் கோணத்தை அளந்தால் இதை எண்ணாகவே காணலாம். அந்தத் தொடுகைக் கோணத்துக்கும் பரப்பு விசைகளுக்கும் உள்ள உறவை 1805 இல் தோமஸ் யங் எடுத்துச் சொன்னார். சாதாரணப் பொலித்தீனில் தண்ணீர்த் துளியின் கோணம் 95 பாகைக்கு மேல். பிளாஸ்மாவுக்குப் பிறகு அது 60 பாகைக்கும் கீழே இறங்கலாம். துளி தட்டையாகிப் படியும். ஒரு துளியை வைத்துப் பார்ப்பதே பிளாஸ்மாவின் விளைவை நேரில் காணும் மிக எளிய வழி. படலத்தின் எந்தப் பக்கம் செய்முறைக்கு உட்பட்டது என்று தெரியாமல் நிற்பவருக்கும் இதுதான் கைகொடுக்கும்.

ஆனால் பரவுவது வேறு, ஒட்டுவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதில்தான் பை அச்சிடுவோரின் நட்டத்தில் பெரும்பகுதி தொடங்குகிறது. பொலித்தீனுக்கான பல மைகள் அற்ககோல் கலந்தவை. எதைல் அற்ககோலின் பரப்பிழுவை 22 அளவுதான், அதாவது பொலித்தீனின் 31 ஐவிடக் குறைவு. ஆகவே அப்படிப்பட்ட மை, செய்முறை எதுவும் பெறாத பொலித்தீனிலும் அழகாகப் பரவும். அச்சு இயந்திரத்திலிருந்து வரும்போது எழுத்துகள் பளிச்சென்றே தெரியும். அற்ககோல் ஆவியாகிப் போனபின் எஞ்சுவது பிசினும் நிறமும் சேர்ந்த ஒரு மெல்லிய தகடு. அதைப் பிடித்துவைக்கப் படலத்தில் எதுவும் இல்லை. அடுத்த நாள் பையைக் கசக்கினால் செதில் செதிலாகக் கொட்டும். பழி மையின்மேல் விழும், விலைகூடிய வேறொரு மை வாங்கப்படும், அதுவும் கொட்டும். தண்ணீரைக் கரைப்பானாகக் கொண்ட மை இந்த வகையில் நேர்மையானது: பரப்புச் சரியில்லையென்றால் இயந்திரத்திலேயே துளித்துளியாகத் திரண்டு தன் மறுப்பைக் காட்டிவிடும்.

ஒட்டாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பொலித்தீனின் மேற்பரப்பில் குறுகிய சங்கிலிகளும் மெழுகு போன்ற துண்டுகளும் வந்து தங்கியிருக்கும். பசை அவற்றைப் பிடித்துக்கொண்டாலும் அந்த அடுக்குத் தன்னைத் தாங்கிக்கொள்ளும் வலிமை இல்லாதது; பசையோடு சேர்ந்து பெயர்ந்துவிடும். 1966 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஹான்சனும் ஷோன்ஹோர்னும் ஈலியம் போன்ற சடத்துவ வாயுக்களின் பிளாஸ்மாவைப் பொலித்தீன்மீது செலுத்தினார்கள். தண்ணீர் பரவும் தன்மை பெரிதாக மாறவில்லை; ஆனால் பசை பிடிக்கும் உறுதி பல மடங்கு ஏறியது. மேற்பரப்பில் தளர்ந்து கிடந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைந்து உறுதியான தோலாகிவிட்டதே அதற்கு அவர்கள் தந்த விளக்கம். ஈரமாதல் மட்டுமே ஒட்டுதலைத் தீர்மானிக்கிறது என்ற எண்ணம் அத்துடன் உடைந்தது.

பிளாஸ்மா என்பது அயனாக்கப்பட்ட வாயு. வாயுவுக்குள் போதிய வலுவான மின்புலம் பாய்ந்தால் சில அணுக்களிலிருந்து இலத்திரன்கள் கழன்றுவிடும். அந்தச் சுயாதீன இலத்திரன்கள், அவற்றை இழந்த அயன்கள், கிளர்ச்சியுற்ற அணுக்கள், உடைந்த மூலக்கூறுத் துண்டுகள், புறஊதா ஒளி ஆகிய எல்லாம் கலந்த நிலையே பிளாஸ்மா. 1879 இல் வில்லியம் குரூக்ஸ் இதைச் சடப்பொருளின் நான்காம் நிலையாகக் கருதினார். பிளாஸ்மா என்ற பெயரை 1928 இல் ஏர்விங் லாங்மியர் வைத்தார். மின்னல் ஒரு பிளாஸ்மா. சமையலறை ரியூப் லைற்றுக்குள் இருப்பதும் பிளாஸ்மாதான். எரிந்துகொண்டிருக்கும் ரியூப் லைற்றைக் கையால் தொடலாம் என்பதிலேயே பிளாஸ்டிக்குக்கு ஏற்ற பிளாஸ்மாவின் இரகசியம் இருக்கிறது. அதற்குள் உள்ள இலத்திரன்களின் வெப்பநிலையைக் கணக்கிட்டால் 10,000 பாகைக்கு மேல் வரும். ஆனால் இலத்திரன் மிக இலேசான துணிக்கை. கனமான வாயு மூலக்கூறுகளுக்கு அது கொடுக்கும் வெப்பம் மிகக் குறைவு. வாயு அறை வெப்பநிலைக்குச் சற்று மேலேதான் இருக்கும். நூறு பாகையை நெருங்கும்போதே இளகத் தொடங்கும் பொலித்தீன் கருகாமல் தப்புவது இதனால்தான்.

இந்தத் துணிக்கைகளிடம் உள்ள சக்தி, காபனையும் ஐதரசனையும் கட்டியிருக்கும் பிணைப்பை உடைப்பதற்குச் சரியான அளவில் இருக்கிறது. காபனுக்கும் காபனுக்கும் இடையிலான பிணைப்பை அறுக்க ஏறக்குறைய 3.6 இலத்திரன்வோல்ற்று வேண்டும். காபன் ஐதரசன் பிணைப்புக்கு 4.3. குளிர்ந்த பிளாஸ்மாவின் இலத்திரன்கள் பெரும்பாலும் 1 முதல் 10 இலத்திரன்வோல்ற்று வரை கொண்டவை. சங்கிலியில் ஓர் ஐதரசன் தெறித்துப் போனால் அந்தக் காபனுக்கு இணையில்லாத ஓர் இலத்திரன் மிஞ்சும். அது நெடுநேரம் அப்படி நிற்காது. பக்கத்துச் சங்கிலியில் இதே நிலையில் உள்ள இன்னொரு காபனோடு கைகோத்தால் குறுக்குப் பிணைப்பு. காற்றின் ஒட்சிசனைப் பிடித்துக்கொண்டால் ஐதரொட்சைல், காபொனைல், காபொட்சிலிக் கூட்டங்கள். மையின் பிசினைப் பற்றும் கொக்கிகள் இவைதான். இவற்றோடு, மேற்பரப்பில் படிந்திருந்த எண்ணெய், மெழுகுத் துணுக்குகள் ஒட்சியேறி வாயுவாகிப் பறந்துவிடும். நேரம் நீண்டால் பிளாஸ்டிக்கே மெல்ல அரிக்கப்பட்டு நனோமீற்றர் அளவில் கரடாகும். கரடான பரப்பில் பசைக்கு இடுக்குகள் கிடைக்கும்.

தொழிற்சாலைகளில் மிகப் பரவலாக இருப்பது கொரோனா என்று அழைக்கப்படும் செய்முறை. இதன் வேர் பழையது. 1857 இல் வேர்னர் வொன் சீமென்ஸ் ஓசோன் தயாரிப்பதற்காக, மின்வாய்களுக்கிடையே கண்ணாடியைக் காவலியாக வைத்து மின்னிறக்கம் உண்டாக்கினார். காவலி நடுவே இருப்பதால் தீப்பொறி ஓர் இடத்தில் குவிந்து எரிக்காமல், ஆயிரக்கணக்கான நுண்ணிழைகளாகப் பரவி விழும். 1951 இல் டென்மார்க்கின் பொறியியலாளர் வேர்னர் ஐஸ்பி, பிளாஸ்டிக்கில் அச்சிட முடியாமல் தவித்தவர்களுக்காக இதே மின்னிறக்கத்தைப் படலத்தின்மீது திருப்பினார். இன்றைய இயந்திரமும் அடிப்படையில் அதுவே. சிலிக்கோன் றப்பர் அல்லது பீங்கான் போர்த்திய உருளை ஒன்றின்மேல் படலம் ஓடும். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் இடைவெளியில் மின்வாய் ஒன்று நிற்கும். 10 கிலோவோல்ற்றும் அதற்கு மேலும் கொண்ட, செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை திசை மாறும் மின்னோட்டம் அந்த இடைவெளியில் உள்ள சாதாரணக் காற்றையே பிளாஸ்மா ஆக்கும். வெற்றிட அறையும் வேண்டாம், தனி வாயுவும் வேண்டாம். மலிவான பைக்கும் கட்டுப்படியாவது இதனால்தான்.

பை செய்யும் ஆலையில் உருகிய பொலித்தீன் வட்ட அச்சின் வழியே குழாயாக ஊதப்பட்டு, குமிழியாக மேலெழுந்து, ஆறி, தட்டையாக மடிந்து சுருளில் சுற்றப்படும். கொரோனா இயந்திரம் சுருளுக்குச் சற்று முன்னால் நிற்பது வழக்கம். படலம் புதிதாக இருக்கும்போதே செய்துவிடுவது எளிது. சில கிழமை கழித்துச் செய்ய முயன்றால் இரண்டு மூன்று மடங்கு வலு கொடுத்தாலும் அதே பலன் வராமல் போகலாம். பை ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கிப் பிரிய வேண்டும் என்பதற்காகப் பொலித்தீனில் எரூக்கமைட்டு போன்ற கொழுப்புச் சேர்மங்களைக் கலப்பார்கள். அவை நாளாக நாளாக உள்ளிருந்து மேற்பரப்புக்கு ஊர்ந்து வந்து மெழுகாகப் படியும். பிளாஸ்மாவின் சக்தி பிளாஸ்டிக்கை எட்டுமுன் அந்த மெழுகிலேயே செலவாகிவிடும்.

எவ்வளவு கொடுப்பது என்பது வெறும் பெருக்கல் வகுத்தல்தான், ஆனால் பலர் கவனிக்கத் தவறும் கணக்கு. 1 மீற்றர் அகலப் படலம் நிமிடத்துக்கு 50 மீற்றர் வேகத்தில் ஓடுகையில் 1 கிலோவாற்று வலு கொடுத்தால், ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் 20 வாற்று நிமிடம் சேரும். வலுவை அப்படியே விட்டு வேகத்தை மட்டும் இரட்டிப்பாக்கினால் பங்கு 10 ஆகக் குறைந்துவிடும். பண்டிகைக் காலத்தில் அவசர ஓடர் வந்ததும் இயந்திரத்தை விரைவாக ஓட்டி, கொரோனாவின் குமிழைத் தொடாமல் விட்டால், அந்தத் தொகுதியில் மை கொட்டுவதில் வியப்பில்லை. அச்சுக்குப் பொலித்தீன் பொதுவாக 38 முதல் 42 டைன் வரை உயர்த்தப்படும். மையின் பரப்பிழுவையைவிடப் படலத்தின் எண் 7 முதல் 10 வரை கூடுதலாக இருக்க வேண்டும் என்பது தொழிலில் உள்ளவர்களின் கைக்கணக்கு.

இந்த எண்ணைப் பார்க்க டைன் பேனை இருக்கிறது. குறிப்பிட்ட பரப்பிழுவை கொண்ட நிறத் திரவத்தால் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு இரண்டு செக்கன் கலையாமல் நின்றால் படலம் அந்த எண்ணை எட்டியிருக்கிறது. அதற்குள் துளிகளாக உடைந்தால் எட்டவில்லை. இத்திரவங்களில் பழைய முறைப்படி தயாரிக்கப்படுபவற்றில் போமமைட்டும் எதொட்சி எதனோலும் உண்டு. இரண்டும் வயிற்றில் வளரும் கருவுக்குக் கேடு செய்யக்கூடியவை. கையுறை இல்லாமல் தொடுவதும், கோட்டை விரலால் துடைத்துப் பார்ப்பதும் நிறுத்தப்பட வேண்டிய பழக்கங்கள். இப்பொருள்கள் இல்லாத பேனைகளும் கிடைக்கின்றன.

பேனை சொல்லும் எண்ணையும் முழுதாக நம்பிவிட முடியாது. அளவுக்கு மீறிப் பிளாஸ்மா கொடுத்தால் சங்கிலிகள் சிறு துண்டுகளாக நறுங்கிவிடும். அந்தத் துண்டுகளில் ஒட்சிசன் நிறைய ஏறியிருப்பதால் பேனைக் கோடு மிக உயர்ந்த எண்ணைக் காட்டும். ஆனால் அவை கீழே உள்ள பிளாஸ்டிக்கோடு பிணைப்பு இல்லாத தூள். ஈரத்துணியால் துடைத்தாலே பெரும்பகுதி கழன்று வந்துவிடும். மை அந்தத் தூளைத்தான் பிடிக்கும். குறைந்த செய்முறையால் கொட்டிய அதே மை, கூடிய செய்முறையாலும் கொட்டும். இதைப் பிரித்தறிய அச்சின்மேல் செலோடேப்பை அழுத்தி ஒட்டிச் சடாரென்று இழுத்துப் பார்க்கும் பழைய சோதனையே நம்பகமானது. மிகையான செய்முறைக்கு வேறு விலைகளும் உண்டு. சுருளில் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பையின் அடியைச் சூடாக்கி மூட்டும்போது, குறுக்குப் பிணைப்பு ஏறிய தோல் எளிதில் உருகிக் கலக்காது, மூட்டுப் பலவீனமாகும். படலத்துக்கும் உருளைக்கும் இடையே காற்றுச் சிக்கினால் மறுபக்கத்திலும் மின்னிறக்கம் நடந்துவிடும்.

செய்முறை பெற்ற பரப்பு நிலையாக அப்படியே இருப்பதும் இல்லை. பிளாஸ்டிக்கின் சங்கிலிகள் திண்மமாகத் தெரிந்தாலும் உள்ளே அசைவுடையவை. முனைவுள்ள கூட்டங்கள் காற்றை நோக்கி நிற்பதைவிட உள்ளே திரும்பிப் புதைந்துகொள்வதே சக்திக் கணக்கில் இலாபம். எனவே அவை மெல்ல மெல்ல உள்நோக்கித் திரும்பும். வழுக்குச் சேர்மமும் மேலே ஏறிவரும். முதல் சில நாட்களில் எண் வேகமாக இறங்கி, பிறகு மெதுவாகக் குறைந்துகொண்டே போகும். வெப்பம் கூடினால் சங்கிலிகளின் அசைவும் கூடும் என்பதால் இறக்கமும் விரைவாகும். ஆண்டு முழுவதும் வெக்கை குறையாத கொழும்பில், தகரக் கூரையின் கீழே பகல் முழுவதும் வேகும் சுருளுக்கு ஐரோப்பியக் கைநூல் சொல்லும் ஆயுளை எதிர்பார்க்கக் கூடாது. சுருளின்மேல் செய்முறைத் திகதியை எழுதி, பழையதை முதலில் எடுத்து, அச்சுக்கு ஏற்றுமுன் ஒரு தடவை அளந்து பார்ப்பது செலவில்லாத காப்பு. அச்சு இயந்திரத்திலேயே சிறிய கொரோனா ஒன்றைப் பொருத்தி, மைக்குச் சற்று முன்னால் படலத்தைப் புதுப்பிப்பது அதனிலும் நல்லது. மை ஒருமுறை பிடித்துவிட்டால் அந்தக் கூட்டங்கள் மையோடு பிணைந்துவிடுவதால் இந்த மங்குதல் அச்சைப் பாதிப்பதில்லை.

காற்றில் எரியும் பிளாஸ்மா ஓசோனை உண்டாக்கும். இயந்திரத்தருகே வரும் காரமான வாசனை அதுதான். பல நாடுகளின் தொழிற்சுகாதார விதிகள் பத்து இலட்சம் பங்கு காற்றில் 0.1 பங்குக்கு மேல் ஓசோன் இருக்கக் கூடாது என்கின்றன. அது நுரையீரலைப் புண்படுத்தும். இயற்கை றப்பரைக்கூட வெடிக்கச் செய்யும். இயந்திரத்துக்கு மேலே உறிஞ்சுகுழாய் வைத்து, ஓசோனை அழிக்கும் வடிகட்டி வழியாக வெளியேற்ற வேண்டும். நெருக்கமான கட்டடங்களில் இயங்கும் சிறு பட்டறைகளில் இதைச் செலவாகப் பார்த்துத் தள்ளிவைப்பது அங்கே நாள் முழுவதும் நிற்கும் தொழிலாளியின் மூச்சோடு விளையாடுவது.

படலமாக இல்லாமல் உருவம் பெற்ற பொருள்களுக்குக் கொரோனா உருளை பொருந்தாது. வாகன உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தையில் குவிந்திருக்கும் பம்பர்களில் பெரும்பாலானவை பொலிபுரொப்பிலீன் கலவை. மறுபூச்சுப் பூசிய பம்பரில் பெயின்ற் தோலாக உரிவது எல்லோரும் கண்டது; காரணம் பையில் மை கொட்டுவதற்கான அதே காரணம். உற்பத்தி ஆலைகளில் பம்பரின்மேல் தீச்சுவாலையை விரைவாக ஓட்டிச் செல்வார்கள். சுவாலைக்குள்ளும் அயன்களும் உடைந்த மூலக்கூறுகளும் உண்டு. அவை பரப்பை ஒட்சியேற்றும். சிறு பட்டறைகள் குளோரீன் ஏற்றிய பிசின் கொண்ட பிறைமரை முதலில் பூசிச் சமாளிக்கின்றன. 1990களில் ஜேர்மனியில் உருவான பிளாஸ்மாத் தாரை இன்னொரு வழி. அழுத்திய காற்று மின்னிறக்கத்தின் ஊடாகப் பாய்ந்து குழல் முனையிலிருந்து சுடராக வெளியேறும். இயந்திரக் கை அந்தக் குழலைப் பிடித்து, முன்விளக்கின் உறையில் கண்ணாடிபோன்ற மூடி ஒட்டவேண்டிய பள்ளத்தை மட்டும் தடவிச் செல்லும். மழைநீர் உள்ளே போகாத விளக்கு அப்படித்தான் உருவாகிறது.

வெற்றிட அறையில் செய்யும் பிளாஸ்மா மெதுவானது, விலைகூடியது; ஆனால் விளைவைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் அங்கேதான் முழுமையாகக் கிடைக்கிறது. வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு வாயுவைக் குறைத்து, 13.56 மெகாஏர்ட்சு வானொலி மீடிறனில் அதை ஒளிரச் செய்வார்கள். எந்த வாயுவை விடுகிறார்களோ அதற்கேற்ற தோல் வரும். ஒட்சிசன் விட்டால் நீரை விரும்பும் பரப்பு. அமோனியா விட்டால் நைதரசன் கூட்டங்கள்; புரதங்களும் உயிர்க்கலங்களும் அவற்றைப் பற்றும். புளோரீன் கொண்ட வாயு விட்டால் தண்ணீரை உருட்டிவிடும் பரப்பு. மருத்துவ ஆய்வுகூடங்களில் உயிர்க்கலம் வளர்க்கும் பொலிஸ்ரைரீன் தட்டுகள் இப்படியான செய்முறை பெற்றவை. பெறாத தட்டில் கலங்கள் காலூன்றாமல் மிதக்கும். 1990களின் இறுதியில் வந்த சிலிக்கோன் ஐதரோஜெல் கண்வில்லைகளும் இதன் கொடை. சிலிக்கோன் ஒட்சிசனைத் தாராளமாக ஊடுருவ விடும், ஆனால் கண்ணீரை ஏற்காது. கண்ணில் ஒட்டிக்கொண்டு உறுத்தும். பிளாஸ்மாவால் அதன் தோலை மட்டும் நீர்நட்பாக்கியதால்தான் முதல் தலைமுறை வில்லைகளை அணிய முடிந்தது.

பிளாஸ்மா ஒரு பூச்சையே கட்டியெழுப்பவும் கூடும். ஜப்பானின் கிரின் நிறுவனமும் பிரான்சின் சிடெல் நிறுவனமும் பெட் போத்தலின் உட்புறத்தில் அசற்றலின் வாயுவைப் பிளாஸ்மா ஆக்கி, ஒரு மைக்ரோனில் பத்திலொரு பங்கு தடிப்பில் காபன் படிவை உண்டாக்கும் முறைகளை வளர்த்தன. அந்தப் படிவு ஒட்சிசன் நுழைவதைப் பத்து மடங்குக்கு மேல் குறைக்கும். பியர் போன்ற, ஒட்சிசன் பட்டால் கெடும் பானத்தைப் பிளாஸ்டிக்கில் அடைக்க வழி பிறந்தது.

அயலான இந்தியாவில் இத்துறையில் வேரூன்றிய நிறுவனம் குஜராத்தின் காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம். 1982 இல் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1986 இல் தனி நிறுவனமாகி, 1997 இல் தொழிற்சாலைகளுக்கு உதவுவதற்கென்றே தனி மையம் ஒன்றைத் திறந்தது. அங்கோரா முயலின் உரோமம் வழவழப்பானது, நூலாக முறுக்கினால் நழுவிவிடும். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து, வளிமண்டல அழுத்தப் பிளாஸ்மாவால் அந்த உரோமத்தின் மேற்பரப்பைக் கரடாக்கி, நூற்கக்கூடியதாக மாற்றினார்கள். உரோமம் பிளாஸ்டிக் அல்ல. ஆனால் தோலை மட்டும் மாற்றி உள்ளீட்டை விட்டுவைக்கும் முறை ஒன்றே. கோயம்புத்தூரில் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் ஸ்ரீ சக்தி பொறியியல் கல்லூரியிலும் இயங்கிய ஆய்வாளர்கள் பொலித்தீன், பொலிபுரொப்பிலீன், பெட் படலங்களை ஒளிர் மின்னிறக்கப் பிளாஸ்மாவில் வைத்து, தொடுகைக் கோணம், வேதிக்கூட்டங்கள், கரடு, குருதியோடு அவை நடந்துகொள்ளும் விதம் என்று விரிவாக அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். தமிழ்ச் சூழலுக்குள்ளேயே நடந்த இந்த வேலை பள்ளி, பல்கலைக்கழக வகுப்புகளுக்குள் வர வேண்டியது.

தோல் ஒட்சியேறிய பை விரைவில் மக்கிப் போகுமா என்ற கேள்வி இயல்பாக எழும். போகாது. வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக்கிலும் இதே காபொனைல் கூட்டங்கள்தான் உண்டாகின்றன. ஆனால் புறஊதா ஒளி ஆழமாகப் புகுந்து, மாதக்கணக்கில் சங்கிலிகளை அறுத்து, பொருளையே பொடியாக்குகிறது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்தன. கரையில் ஒதுங்கியவற்றில் வெயிலில் கிடந்து நாளடைவில் மஞ்சளித்து வெடித்தவை இந்த ஆழமான ஒட்சியேற்றத்துக்கு உள்ளானவை. பிளாஸ்மா தொடும் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு தோல், மீதிப் பொலித்தீனின் ஆயுளைக் குறைப்பதும் இல்லை, கூட்டுவதும் இல்லை.

மறுசுழற்சியிலும் அந்தத் தோல் இடைஞ்சல் அல்ல. இடைஞ்சல் செய்வது அதன்மேல் பிடித்திருக்கும் மை. நிறமும் பிசினும் உருக்கில் கலந்துவிடுவதால், அச்சிட்ட பைகளிலிருந்து கிடைக்கும் மணிகள் கரும் நிறத்தையே கொடுக்கும். அவை பெரும்பாலும் குப்பைப் பைகளாகின்றன. 2025 நவம்பர் 1 முதல் கடைகள் கைப்பிடிப் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்க முடியாது, அதன் விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும் என்றானபின், ஒரே பையைப் பல தடவை பயன்படுத்துவது கூடும். அப்போது அச்சு உரியாமல் நிற்பதும், அச்சின் பரப்பைச் சிறிதாக வைப்பதும் முன்னைவிட முக்கியமாகின்றன. உருக்கும்போது ஒட்சியேறிய தோல் மொத்தப் பொலித்தீனுக்குள் கலந்து காணாமற் போய்விடும். மீண்டும் ஊதப்பட்ட படலத்தின் பரப்புச் சக்தி பழையபடி 31 அளவிலேயே இருக்கும். அதில் அச்சிட வேண்டுமானால் மின்னிறக்கத்தின் அடியால் அதை மறுபடி ஓட்டத்தான் வேண்டும்.